மூச்சு முட்டிச் சாகுது கழனி! மூட்டையை நிறுத்து, வடிகாலைத் திற!

அன்பார்ந்த விவசாயப் பெருங்குடி மக்களே! ஆரணி வட்டார ஏரி ஆயக்கட்டுதாரர்களே! குத்தகைக்குப் பயிர் வைக்கும் சகோதரர்களே!

சம்பா நட்டு இருபது நாள் ஆச்சு. ஐப்பசி அடைமழை. கழனியில் நின்ன தண்ணி வாரம் ஆகியும் வடியலை. பயிர் மஞ்சளிக்குது, தூர் கட்டலை. நாம என்ன செய்யறோம்? நேரா உரக்கடைக்கு ஓடறோம். கடைக்காரர் கழனியைப் பார்க்காமலே வைத்தியம் சொல்றார்: "யூரியா பத்தலைங்க." 45 கிலோ மூட்டை ஒண்ணு. கூடவே ஒரு டப்பா, ஒரு பாட்டில். அந்த டப்பாவை எடுத்தால்தான் யூரியாவாம். போட்டுட்டுப் பத்து நாள் காத்திருக்கோம். மஞ்சள் அப்படியே இருக்கு. மூட்டை போன இடம் தெரியலை. திரும்பவும் கடைக்கு ஓட்டம்.

நாங்கள் கேட்கிறோம்: பயிருக்கு வந்தது பசியா, மூச்சுத் திணறலா? மூச்சு முட்டுகிறவன் வாயில் சோற்றைத் திணித்தால் அவன் பிழைப்பானா?

இந்தத் துண்டுப் பிரசுரம் அதைப் பற்றியது. நடுவில் கொஞ்சம் மண் பாடம் வரும். சலிச்சுக்காம படிங்க. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தா சத்தமாப் படிக்கச் சொல்லிக் கேளுங்க. இது தெரியாத வரைக்கும் நம்ம காசு மூட்டை மூட்டையாகச் சேத்தில்தான் போகும்.

சேத்துக்குள்ளே நடக்கிறது என்ன?

வேர் மூச்சு விடணும். மண்ணில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிரும் மூச்சு விடணும். கழனி காய்ந்திருக்கும்போது மண் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகுது. தண்ணி நின்னா அந்த இடுக்கெல்லாம் அடைபடுது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணியில் ஆக்சிஜன் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். உள்ளே இருந்த கொஞ்சநஞ்ச ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஒரு நாளுக்குள் தீர்த்துடும்.

அப்புறம் அவை சும்மா இருக்குமா? ஆக்சிஜனைத் தனக்குள் கட்டி வச்சிருக்கும் பொருள் எது எதுன்னு தேடிப் பிடிச்சு அதை உடைக்க ஆரம்பிக்கும். முதல் பலி நைட்ரேட். அது நாம காசு கொடுத்துப் போட்ட உரத்தில் இருந்து வந்தது. அது தீர்ந்தால் மாங்கனீசு. அடுத்தது இரும்புத் துரு. அடுத்தது சல்பேட். அதுவும் போனால் கடைசியில் மீத்தேன். சேத்தில் கால் வச்சதும் குமிழி குமிழியா வருதே, அதில் மீத்தேன் இருக்கு. இப்படிப் படிப்படியாக் கீழே இறங்குவதைப் புத்தகத்தில் 'ஒடுக்க நிலை' என்பார்கள். மில்லிவோல்ட் மீட்டர் வச்சு அளக்கலாம். காற்றோட்டம் உள்ள மண்ணில் 400க்கு மேல் காட்டும் மீட்டர், மீத்தேன் வரும் சேத்தில் பூஜ்யத்துக்கும் கீழே 200 வரை இறங்கிடும்.

ஆரணிக்காரங்களுக்குச் சாயத்தை வச்சுச் சொன்னா இது சட்டுனு புரியும். அந்தக் காலத்து அவுரித் தொட்டியைப் பற்றிப் பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. நீலம் தண்ணியில் கரையாது. தொட்டியைப் புளிக்க வச்சு, காத்துப் படாம மூடினா, நீல நிறம் போய்க் கரைஞ்சு நூலில் ஏறும். நூலை வெளியே எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமா இருக்கும். காத்துப் பட்டதும் கண்ணெதிரே நீலமா மாறும். கழனியில் இரும்புக்கும் இதே கதைதான். காத்து இருந்தா சிவப்புத் துருவா மண்ணோட ஒட்டிக் கிடக்கும். காத்து போச்சுன்னா கரைஞ்சு தண்ணியில் கலக்கும். வரப்போரம் கசிஞ்சு வர்ற தண்ணியில் செம்படலமும் எண்ணெய் மினுக்கும் தெரியுதே, அது கரைஞ்ச இரும்பு மறுபடி காத்தைச் சந்திச்ச அடையாளம்.

இதெல்லாம் நேத்து கண்டுபிடிச்ச சங்கதி இல்லை. இலங்கை மண்ணியல் விஞ்ஞானி எஃப்.என். பொன்னம்பெருமா, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தபோது, தண்ணியில் மூழ்கிய மண்ணின் வேதியியலை 1972லேயே விலாவாரியாக எழுதி வச்சுட்டார். வேளாண் பட்டம் வாங்குகிறவர்களுக்கு இது பாடம். பரீட்சைக்குப் படிச்சது கழனிக்கு வந்து சேர ஐம்பது வருஷம் பத்தலையா?

ஒண்ணு சொல்லிடறோம். தண்ணி கட்டறதே தப்புன்னு நாங்க சொல்ல வரலை. நெல் தண்ணிப் பயிர்தான். தண்ணி நின்னா களை அடங்கும். புளிப்பு மண்ணும் களர் மண்ணும் நடுநிலைப் பக்கம் வரும். துருவில் பூட்டிக் கிடந்த மணிச்சத்து விடுபடும். நெல் தண்டுக்குள்ளேயே காத்துக் குழாய் இருக்கு. இலையில் இருந்து வேருக்கு அது ஆக்சிஜனை இறக்குது. நல்ல வேரைச் சுத்தி செம்பழுப்புப் பூச்சு தெரியுமே, அது பயிர் தனக்குத் தானே போட்டுக்கிற கவசம். ஆனா அதுக்கும் ஒரு அளவு உண்டு. நம்ம பாட்டன் பூட்டன் மீட்டர் இல்லாமலே அந்த அளவைத் தெரிஞ்சு வச்சிருந்தாங்க. காய்ச்சலும் பாய்ச்சலும்னு ரெண்டே வார்த்தையில் சொன்னாங்க. பாய்ச்ச மதகு வேணும், காய வடிகால் வேணும். ரெண்டில் ஒண்ணை நம்மகிட்டே இருந்து பிடுங்கிட்டாங்க.

யூரியா எங்கே போச்சு?

தண்ணிக்கு அடியில் மண்ணின் மேல்தோல் பழுப்பா இருக்கும், ஒரு விரல்கடை கூட இருக்காது. அங்கே மட்டும்தான் ஆக்சிஜன் உண்டு. அதுக்குக் கீழே கறுத்த சேறு. தூவின யூரியா அம்மோனியா ஆகுது. வெயிலில் ஒரு பங்கு ஆவியாவே போயிடுது. இன்னொரு பங்கு மேல்தோலில் நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்குது. அங்கேதான் ஆக்சிஜனுக்கு அலையுற நுண்ணுயிர் காத்துக்கிட்டு இருக்கே! நைட்ரேட்டை உடைச்சு வெறும் நைட்ரஜன் வாயுவா மேலே அனுப்பிடுது. தண்ணி நிற்கும் நெல் கழனியில் போட்ட தழைச்சத்தில் நூத்துக்கு 30, 40 பங்குதான் பயிருக்குச் சேருதுன்னு ஆராய்ச்சியாளர்களே சொல்றாங்க. மூணு மூட்டை போட்டா பயிருக்கு ஒண்ணு, மிஞ்சினா ஒண்ணேகால். மீதி வானத்துக்கும் வாய்க்காலுக்கும்.

அரசாங்கம் என்ன செய்தது? 2010ல் உர மானியத்தைச் சத்துக் கணக்குக்கு மாத்தினப்போ யூரியாவை மட்டும் தனியா விட்டது மத்திய அரசு. டிஏபி விலையும் பொட்டாஷ் விலையும் ஏறிச்சு. யூரியா மட்டும் மலிவா நின்னுச்சு. மலிவா இருக்கிறதை ஏழை விவசாயி அள்ளித்தான் போடுவான். அப்புறம் 2018ல் மூட்டை 50 கிலோவில் இருந்து 45 ஆச்சு. சின்ன மூட்டையா இருந்தா நாம குறைச்சுப் போடுவோமாம். மூட்டையைச் சின்னதாக்கினா மண்ணுக்கு மூச்சு வந்துடுமா?

மஞ்சளுக்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருக்கு. துத்தநாகம், நாம ஜிங்க்னு சொல்றது. வடநாட்டில் 'கைரா' என்ற நெல் நோய், பூஞ்சணத்தாலும் இல்லை, பூச்சியாலும் இல்லை, ஜிங்க் பற்றாக்குறையால் வருதுன்னு பந்த்நகரில் ஒய்.எல். நெனே என்ற விஞ்ஞானி 1966ல் கண்டுபிடிச்சார். தண்ணி வடியாமல் நின்னா மண்ணில் இருக்கும் ஜிங்க்கும் கரையாத பொருளாப் பூட்டிக்கும். டிஏபியை அள்ளிப் போட்டா இன்னும் இறுகும். இலையில் துருப் புள்ளி, நடு நரம்பின் அடியில் வெளுப்பு, குட்டையான பயிர். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து, கடைசிச் சேடை முடிஞ்சு நடவுக்கு முன்னால் மேலாகத் தூவணும். சேத்துக்குள் ஓட்டிப் புதைக்காதீங்க. டிஏபியோடும் சூப்பரோடும் கலந்து போடாதீங்க. நட்ட பிறகு தெரிஞ்சா பத்து லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் கரைச்சுத் தெளிக்கலாம். இவ்வளவுதான் வைத்தியம். இதைச் சொல்ல ஆள் இல்லை, டப்பா விக்க ஆள் இருக்கு.

வேரைப் பிடுங்கிப் பாருங்க!

மஞ்சளிச்ச இடத்தில் ஒரு குத்தை மண்ணோட பிடுங்கி அலசுங்க. வேர் வெள்ளையா, மேலே செம்பழுப்பா இருந்தா அந்தக் கழனிக்கு மூச்சு இருக்கு. வேற காரணம் தேடுங்க. வேர் கறுத்து, மோந்து பார்த்தா அழுகின முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. வேரின் கறுப்பு, இரும்பும் அந்த வாயுவும் சேர்ந்த சல்பைடு. இரும்பு அந்த வாயுவைப் பிடிச்சு வைக்கும். அதனால் இரும்பு குறைஞ்ச மணல்சாரிக் கழனியில்தான் அடி பலமா விழும். ஜப்பானில் இதுக்கு 'அகியோச்சி'ன்னு பேர். பயிர் முதலில் செழிப்பாத் தெரிஞ்சு கதிர் பருவத்தில் சரிஞ்சு போகும். அங்கே மலைச் செம்மண்ணைக் கொண்டுவந்து அடிச்சு மண்ணைத் திருத்தினாங்க. செம்மண் அடிக்கறது நமக்கும் புதுசு இல்லையே.

கறுத்த வேரைக் கண்டா யூரியாவைத் தொடாதீங்க. முதலில் தண்ணியை வடிச்சு, மேல் மண் லேசா வெடிக்கிற வரைக்கும் விடுங்க. பச்சைத் தழையையும் வைக்கோலையும் மடக்கி உழுதா மறுநாளே நடாதீங்க. பத்து நாளாவது மட்கட்டும். இல்லைன்னா அது அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் உறிஞ்சிடும்.

சரி, அரசாங்கம் கொடுத்த மண்வள அட்டை இதைச் சொல்லுமா? 2015ல் ஆரம்பிச்ச அந்தத் திட்டத்தில் 12 விஷயம் பார்க்கிறாங்க. கார அமில நிலை, உப்பு, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், ஜிங்க், இரும்பு எல்லாம் வரும். எப்படிப் பார்க்கிறாங்க? மண்ணை எடுத்து, நிழலில் உலர்த்தி, பொடிச்சு, சலிச்சுப் பார்க்கிறாங்க. நம்ம பயிர் காய்ந்த பொடியிலா நிக்குது? முழங்கால் சேத்தில் நிக்குது! காய்ந்த மண்ணில் இருக்குன்னு காட்டுகிற ஜிங்க், தண்ணி நின்ன மூணாவது வாரம் பயிருக்குக் கிடைக்குமான்னு அந்த அட்டைக்குத் தெரியாது. அட்டை வேண்டாம்னு சொல்லலை. பாதிதான் சொல்லுதுன்னு சொல்றோம். மீதிப் பாதியை ஈரச் சேத்தில் மீட்டர் வச்சு அளந்து சொல்லுன்னு கேட்கிறோம்.

வடிகால் எங்கே போச்சு?

இதுதான் நம்ம சண்டையின் வேர். கமண்டல நாக நதியில் இருந்தும் செய்யாறில் இருந்தும் ஏரிக்கு வரத்துக்கால். ஏரிக்கு மதகு. மதகுக்குக் கீழே பாசனக்கால். கடைசிக் கழனியைத் தாண்டினா போக்குக்கால். அந்தப் போக்குக்கால்தான் கீழ் ஊர் ஏரிக்கு வரத்துக்கால். மேல் ஊர்க் கழனியை வடிச்ச தண்ணி கீழ் ஊர்க் கழனியை நனைக்கும். இப்படிச் சங்கிலி போட்டுக் கட்டினவனுக்கு எந்தக் கல்லூரிப் பட்டமும் இல்லை. ஒரு கண்ணி அறுந்தா மேலே இருக்கிறவன் மூழ்குவான், கீழே இருக்கிறவன் காய்வான். இன்னைக்கு நடக்கிறது அதுதான்.

ஏரி வேலைன்னு எத்தனை திட்டம் வந்தது! 1984ல் ஐரோப்பிய நாட்டார் பணத்தில் ஏரி நவீனமயம். 2007ல் உலக வங்கிக் கடனில் நீர்வள நிலவளத் திட்டம். 2017ல் குடிமராமத்து. கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால் பற்றித்தான் பேச்செல்லாம். தண்ணியை உள்ளே கொண்டுவரத் திட்டம் உண்டு. கழனியை விட்டு வெளியே அனுப்பறதைப் பத்திப் பேச நாதி இல்லை. பாசனம்னா பாய்ச்சறது மட்டும்னு எவன் சொன்னான்?

இன்னொரு பக்கம் வீட்டுமனை. கழனியை மேடாக்கிக் கல் நடறாங்க. போக்குக்கால் மனைக்கு நடுவில் ரோடா மாறுது. ரோடு ஒவ்வொரு தடவையும் உயருது, அடியில் போடற குழாய் மட்டும் அதே சின்னக் குழாய். அதிலும் பாதி மண் அடைஞ்சு கிடக்கு. ஆக்ஸ்போர்டு பேராசிரியை பார்பரா ஹாரிஸ்-ஒயிட் 1973ல் இருந்து ஆரணி எப்படி வளர்ந்ததுன்னு ஆராய்ச்சி பண்ணினார். 2016ல் அது புத்தகமாவே வந்தது. ஆரணி வளர்ந்தது நமக்கும் சந்தோஷம்தான். ஆனா நம்ம போக்குக்கால் மேலே ஏறி நின்னு வளர வேண்டாம்!

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. 2007ல் ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்கு மட்டும். ஒன்றியத்து ஏரியும் கழனி வடிகாலும் அதில் அடங்காது. ஆனா 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கு. எந்தப் புறம்போக்காக இருந்தாலும் அதில் நோட்டீஸ் கொடுத்துக் காலி பண்ணலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தை எடுத்து ஏழை குடிசையை இடிக்கத் தெரியுது, வாய்க்காலை மீட்கத் தெரியலையா? கழனியில் வாய்க்கால் மறைஞ்சிருக்கலாம். புலப்படத்தில் கோடு இன்னும் இருக்கு. தகவல் உரிமைச் சட்டத்தில் புலப்படமும் 'அ' பதிவேடும் கேட்டு வாங்குங்க.

வெள்ளம் வந்தா நிவாரணம் உண்டேன்னு சிலர் சொல்றாங்க. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம்ம திருவண்ணாமலை மாவட்டம் பட்ட பாடு தெரியும். 33 சதவீதமும் அதுக்கு மேலேயும் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவிச்சாங்க. ஏக்கருக்குக் கணக்குப் போட்டா 7,000 கூட வராது. அதைவிடக் கொடுமை, வெள்ளம் போன பிறகு வேர் கறுத்து, தூர் குறைஞ்சு, பயிர் பச்சையா நின்னுக்கிட்டே காலும் அரையுமா நஷ்டமாகுதே, அது கணக்கில் வராது. அது புயல் சேதம் இல்லையாம். பின்னே என்ன, நாங்களா தண்ணியைப் பிடிச்சு வச்சோம்?

பழி நம்ம மேலேயா?

1990 வாக்கில் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு கணக்குப் போட்டது. இந்திய நெல் கழனிகள் வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுதாம், உலகம் சூடாகுதாம். 1991ல் நம் விஞ்ஞானிகள், ஏ.பி. மித்ரா தலைமையில், கழனி கழனியாப் போய் அளந்தாங்க. வந்தது சுமார் 40 லட்சம் டன். பத்தில் ஒரு பங்கு! கார் ஓட்டுகிறவன் புகையை மறைக்கக் கஞ்சி குடிக்கிறவன் சேத்தைக் காட்டினாங்க.

அதுக்காக மீத்தேனே இல்லைன்னு நாம சாதிக்கப் போறதில்லை. வடிகால் இல்லாம நிக்கிற சேத்தில் அது வரத்தான் செய்யும். காய்ச்சலும் பாய்ச்சலுமாத் தண்ணி கட்டினா ஏறக்குறைய பாதி குறையும், தண்ணியும் மிச்சம். கழனியில் துளை போட்ட குழாயைப் புதைச்சு, தண்ணி மண்ணுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் இறங்கினதும் மறுபடி பாய்ச்சினா போதும். பூ பூக்கும் சமயத்தில் மட்டும் காயப் போடக் கூடாது. யூரியா போட்ட கையோட காயப் போடறதும், காய்ஞ்சதும் வெள்ளம் கட்டறதும் தழைச்சத்தை விரட்டிடும். இப்போ கார்பன் கிரெடிட் கம்பெனிகள் ஊருக்குள் வந்து, "கழனியைக் காயப் போடுங்க, காசு தர்றோம்"னு பேப்பரில் கையெழுத்து கேட்கிறாங்க. ஐயா, காயப் போட நாங்க தயார். தண்ணியை எந்த வழியா வடிக்கிறது? அதைச் சொல்லிட்டுக் கையெழுத்து வாங்குங்க!

நெசவாளர் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் பல வீட்டில் ஒரு பக்கம் தறி, ஒரு பக்கம் ஏர். உங்களை நாங்க எதிரியா நினைக்கலை. ஆனா ஊர்ச் சாக்கடையும், பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவச்சுப் பசை எடுத்த தண்ணியும், சாயத் தண்ணியும் எங்கே வாய்க்காலில் சேர்ந்தாலும், அது ஆக்சிஜனைத் தின்னும். சாயத்துக்குப் போடும் சல்பேட் உப்பு தேங்கின சேத்துக்குள் போனா அழுகின முட்டை வாயுவாத்தான் திரும்பி வரும். திருப்பூர் சாயத் தண்ணியால் நொய்யல் என்ன ஆச்சுன்னு பார்த்தோம். 2011ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்ல வேண்டி வந்தது. தொழிலாளியும் தெருவில் நின்றான், விவசாயியும் தெருவில் நின்றான். இங்கே அந்த நிலை வர விடக் கூடாது. சுத்திகரிப்பு நிலையம் அரசு செலவில் வேணும், சின்னப் பட்டறைக்காரர் தலையில் கட்டக் கூடாது.

எங்கள் கோரிக்கை

புலப்படத்தை வச்சு ஊர் ஊரா வடிகாலை அளந்து கல் நடு! அடுத்த பருவமழைக்கு முன்னால், ஆடி முடியறதுக்குள்ளே, ஆக்கிரமிப்பை எடுத்துத் தூர் வாரு! போக்குக்காலை அடைச்சுப் போட்ட மனைக்கு அனுமதி கொடுக்காதே! ரோட்டுக்கு அடியில் தண்ணி போகிற அளவுக்குப் பாலம் கட்டு!

நடவுக்கு முன்னாலேயே கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஜிங்க் சல்பேட் இருப்பு வை! யூரியாவோடு டப்பா கட்டி விற்கிற கொள்ளையை நிறுத்து! வட்டார வேளாண் அலுவலகத்தில் ஈரச் சேத்தை அளக்கும் மீட்டரும், அதைத் தூக்கிக்கிட்டுக் கழனிக்கு இறங்கி வருகிற ஆளும் வேணும். வேர் கறுத்துக் குறைஞ்ச மகசூலையும் சேதக் கணக்கில் சேர்!

விவசாயிகளே! அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு வெறும் மனுவோடு போக வேண்டாம். மனு மேல் மனு வச்சு மேசை நிறைஞ்சதுதான் மிச்சம். ஆளுக்கு ஒரு குத்து நெல்லை வேரோடு கொண்டு வாங்க. சர்வே நம்பரையும் எந்த வாய்க்கால் அடைப்பட்டதுன்னும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்க. எழுதத் தெரியாதவங்களுக்குச் சங்கத் தோழர்கள் எழுதித் தருவாங்க. பிடுங்கும்போது மண்ணை உதறாதீங்க. ஈரச் சாக்கில் சுத்தி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டுங்க. காத்துப் பட்டா கறுப்பு வெளுத்து வாடையும் போயிடும். மேசையில் வச்சு அவிழ்க்கும்போது அதிகாரிகள் மோந்து பார்க்கணும்.